அத்தியாயம் 9: எம்கே 6 மோர்ட்டாரும் இருபத்தாறு நொடிகளும்

ஆர்மா 3-இல் முதன்முதலாக மோர்ட்டாரின் முன் உட்காருகிறவர் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார். எஃப் கீயைத் தட்டித் தட்டி ‘ஃபார்’ நிலைக்குப் போய் நிற்பார். பெரிய நிலை என்றால் பெரிய அடி என்ற நினைப்பு. குண்டு ஒன்றேதான், வெடிப்பும் ஒன்றேதான். மாறுவது குழலை விட்டுக் கிளம்பும் வேகம் மட்டும். எதிரி 1000 மீட்டரில் இருக்கிறான் என்று வையுங்கள். ஃபாரில் சுட்டால் குண்டு 40 நொடிக்கு மேல் ஆகாயத்தில் இருக்கும். அதைவிடச் சிறிய ‘மீடியம்’ நிலையில் சுட்டால் 28 நொடிக்குள் தலைமேல் இறங்கிவிடும். மிச்சமாகும் 13 நொடியில் ஒரு ஸ்குவாட் முழுவதும் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்விடலாம்.

எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டுகிற நிலைகளில் எது சிறியதோ அதையே எடுங்கள். ஏன் என்பதற்கு நேரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் கோணக் கணக்கில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டு பை, இரண்டு ஆள்

எம்கே 6 என்பது 82 மில்லிமீட்டர் மோர்ட்டார். நேட்டோ, சிசாட் உள்பட விளையாட்டின் எல்லாத் தரப்பிடமும் இதே ஆயுதம்தான். தூக்கிச் செல்லும்போது இரண்டு பேக்பேக்காகப் பிரியும்: ஒன்றில் குழல், மற்றதில் கால். ஒருவர் தன் பையைத் தரையில் இறக்கி வைக்க, மற்றவர் பக்கத்தில் வந்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பூட்டுவதற்கான வரி மெனுவில் வரும். வராவிட்டால் இரண்டு பையும் ஒரே தரப்பினுடையவையா என்று பாருங்கள். ஆயுதக் கிடங்கில் அவசரத்தில் வேறு தரப்பின் பையை எடுத்துவிட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு முழிப்பது எல்லா சர்வர்களிலும் நடக்கிற கூத்து.

மோர்ட்டார்ப் பை முதுகில் இருக்கும்வரை அந்த ஆளுக்கு வேறு பேக்பேக் கிடையாது. மருந்து, கூடுதல் தோட்டா, ராக்கெட் என்று அதிகம் எடுத்துப்போக முடியாது. கனமும் அதிகம், ஓடினால் சீக்கிரமே மூச்சு வாங்கும். ஆகவே மோர்ட்டார் ஜோடி தனியாகப் போகக் கூடாது. துப்பாக்கியும் மருந்தும் வைத்திருக்கும் மூன்றாமவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

இடம் தேர்வதைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. தலைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். மரக்கிளையோ கூரையோ மறைத்தால் முதல் குண்டு உங்கள் பக்கத்திலேயே வெடிக்கலாம். தரை சமமாக இருக்கட்டும். எதிரிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு குன்று இருந்தால் நல்லது. மீடியத்தில் 1000 மீட்டருக்குச் சுடும் குண்டு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்துதான் திரும்புகிறது, குன்றெல்லாம் அதற்கு ஒரு பொருட்டல்ல. குன்று மறைப்பது எதிரியின் கண்ணை.

மூன்று நிலைகளும் ஒரு ரகசியமும்

நிஜ மோர்ட்டாரில் குண்டின் வால் பக்கம் மருந்து வளையங்களைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை மாற்றுவார்கள். விளையாட்டில் அதற்குப் பதிலாக மூன்று நிலைகள். குளோஸில் குண்டு நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 499 மீட்டர்வரை போகும். மீடியத்தில் நொடிக்கு 140 மீட்டர், எல்லை 1998 மீட்டர். ஃபாரில் நொடிக்கு 200 மீட்டர், எல்லை 4078 மீட்டர். குழலை 45 பாகைக்குக் கீழே இறக்க முடியாது, 88 பாகைக்கு மேலே ஏற்றவும் முடியாது. அதனால் கிட்டத்து எல்லையும் உண்டு: குளோஸுக்கு 34 மீட்டர், மீடியத்துக்கு 139, ஃபாருக்கு 284.

இந்த எண்களை ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். வேகத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் வகுத்தால் அதிகபட்சத் தூரம் அப்படியே வந்து நிற்கிறது. அதாவது, ‘மாட்’ எனப்படும் கூடுதல் தொகுப்பு எதுவும் போடாத ஆர்மா 3-இல் மோர்ட்டார் குண்டுக்குக் காற்றுத் தடையே இல்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் பாடத்தில் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்று ஒரு வரி வருமே, அந்த உலகத்தில்தான் இந்தக் குண்டு பறக்கிறது. நிஜப் பீரங்கிப்படைக்காரர் கேட்டால் சிரிப்பார். நமக்கு வசதி: மொத்த அட்டவணையையும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

போட்டுவைத்தது இதோ. குழலும் இலக்கும் ஒரே உயரத்தில் இருப்பதாகக் கணக்கு.

குளோஸ்:
200 மீட்டர்: 78.2 பாகை, 14.0 நொடி
300 மீட்டர்: 71.5 பாகை, 13.5 நொடி
400 மீட்டர்: 63.4 பாகை, 12.8 நொடி

மீடியம்:
600 மீட்டர்: 81.3 பாகை, 28.2 நொடி
800 மீட்டர்: 78.2 பாகை, 27.9 நொடி
1000 மீட்டர்: 75.0 பாகை, 27.6 நொடி
1200 மீட்டர்: 71.5 பாகை, 27.1 நொடி
1500 மீட்டர்: 65.7 பாகை, 26.0 நொடி
1800 மீட்டர்: 57.9 பாகை, 24.2 நொடி

ஃபார்:
2000 மீட்டர்: 75.3 பாகை, 39.4 நொடி
2500 மீட்டர்: 71.1 பாகை, 38.6 நொடி
3000 மீட்டர்: 66.3 பாகை, 37.3 நொடி
3500 மீட்டர்: 60.4 பாகை, 35.5 நொடி

ஒரே நிலைக்குள் தூரம் கூடக் கூட நேரம் குறைவதைக் கவனியுங்கள். குழல் தாழத் தாழக் குண்டு உயரம் ஏறாமல் முன்னால் போகிறது. புதியவர்களுக்குக் கையில் வராத விஷயமும் இதுதான். துப்பாக்கியில் தூரமாகச் சுட முனையை உயர்த்திப் பழகியவர்கள், மோர்ட்டாரிலும் குண்டு முன்னாலேயே விழுந்தால் குழலை இன்னும் உயர்த்துவார்கள். அடுத்தது இன்னும் கிட்டே விழும். தூரம் வேண்டுமா, குழலைத் தாழ்த்துங்கள்.

இப்போது முன்பு சொன்ன இரண்டாவது காரணம். 1000 மீட்டர் இலக்குக்கு மீடியத்தில் ஒரு பாகை பிசகினால் குண்டு 60 மீட்டர் தள்ளி விழும். அதே இலக்குக்கு ஃபாரில் ஒரு பாகை பிசகினால் 138 மீட்டர். செங்குத்தை நெருங்க நெருங்கச் சின்னப் பிசகும் பெரிதாகிறது. 1800 மீட்டரில் மீடியத்தில் அதே பிசகுக்கு 30 மீட்டர்தான். ஒரு நிலையின் எல்லையை ஒட்டிச் சுடும்போதுதான் குண்டு சொன்ன பேச்சைக் கேட்கிறது. வசதி இருந்தால் மோர்ட்டாரை நிறுத்தும் இடத்தையே இதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். இலக்கிலிருந்து 1500 முதல் 1800 மீட்டர்வரை தள்ளியிருக்கும் இடம் என் கணக்கில் முதல்தரம். 2000 மீட்டரில் உட்காருவது மோசம்: மீடியத்துக்கு இரண்டு மீட்டர் எட்டாமல் போய், ஃபாரில் 39 நொடி காத்துக்கிடக்க வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டர் இருக்கும்போது

மோர்ட்டாரில் உட்கார்ந்ததும் ஆக்ஷன் மெனுவில் ஆர்ட்டிலரி கம்ப்யூட்டர் கிடைக்கும். திறந்தால் மேப் வரும். குண்டு வகை, நிலை, எத்தனை குண்டு என்று தேர்ந்து, மேப்பில் க்ளிக் செய்து சுட வேண்டியதுதான். குண்டு விழ எத்தனை நொடி என்பதையும் காட்டும். அந்த எண்ணை மட்டும் ரேடியோவில் உடனே சொல்லிவிடுங்கள், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கம்ப்யூட்டர் கையில் இருப்பதால்தான் பல குழுக்களில் மோர்ட்டார் சலிப்பான வேலையாகிவிட்டது என்பது என் எண்ணம். க்ளிக் செய்தால் விழுகிறது. அதில் என்ன இருக்கிறது? மிஷன் எழுதுகிறவர் ஒரு வரி ஸ்கிரிப்டில் இதை நிறுத்திவைக்கலாம். கொஞ்சம் சீரியஸான குழுக்கள் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றன. அப்போதுதான் மேலே உள்ள அட்டவணை உயிர் பெறுகிறது.

கம்ப்யூட்டர் இல்லாதபோது

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். உங்கள் கிரிட் 044 058. எதிரியைப் பார்த்து இடம் சொல்லும் ஸ்பாட்டர் தரும் இலக்கு 053 070. முதல் மூன்று எண் கிழக்கு, அடுத்த மூன்று வடக்கு. ஒவ்வோர் எண்ணும் 100 மீட்டர். கிழக்கே 9 கட்டம், வடக்கே 12 கட்டம். 9-இன் வர்க்கம் 81, 12-இன் வர்க்கம் 144, கூட்டினால் 225, அதன் மூலம் 15. தூரம் 1500 மீட்டர். திசை, வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக ஏறக்குறைய 37 பாகை. அட்டவணையைப் பாருங்கள்: மீடியம், 65.7 பாகை, 26 நொடி.

உயரத்தையும் மறக்க வேண்டாம். மேப்பில் சம உயரக் கோடுகளை எண்ணுங்கள். இலக்கு உங்களைவிட 100 மீட்டர் தாழ்ந்திருந்தால், 1000 மீட்டருக்குச் சுட்ட மீடியம் குண்டு ஏறக்குறைய 26 மீட்டர் தாண்டி விழும். 1800 மீட்டருக்குச் சுட்டதென்றால் ஏறக்குறைய 61 மீட்டர் தாண்டும், ஏனென்றால் அது சாய்வாக இறங்குகிறது. இலக்கு உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய அதே அளவு முன்னால் விழும். அல்டிஸ் மேப்பின் கோடுகளை நம்பலாம். 270 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தத் தீவு கிரீஸின் லெம்னோஸை வைத்து உருவானது. விளையாட்டைத் தயாரித்த செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவின் ஊழியர்கள் இருவர் 2012 செப்டம்பரில் அந்தத் தீவுக்குப் போய், ராணுவ இடங்களைப் படம் எடுத்ததாகக் கைதாகி, 2013 ஜனவரி வரை கிரேக்கச் சிறையில் இருந்தார்கள். சுற்றுலாதான் வந்தோம் என்றார்கள். விளையாட்டு அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியானது.

ஆறு எண் கிரிட் என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரம். அதற்குள் எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்று அது சொல்லாது. எட்டு எண் கேளுங்கள், பத்து மீட்டருக்குள் வந்துவிடும். ஸ்பாட்டரிடம் டார்டர் ட்ரோன் இருந்தால் இன்னும் நல்லது, மேலிருந்து விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியும்.

ஸ்பாட்டர்தான் சுடுகிறார்

குழலின் பக்கத்தில் இருப்பவருக்கு எதிரி தெரியவே மாட்டான். தெரிந்தால் நீங்கள் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே குழுவில் மிகப் பொறுமையான ஆளை மோர்ட்டாரில் உட்காரவைத்து, மிகத் தெளிவாகப் பேசும் ஆளை ஸ்பாட்டராக அனுப்புங்கள். வழக்கமாக இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

பேச்சு இப்படி இருந்தால் போதும்:

“மோர்ட்டார், ஸ்பாட்டர் பேசறேன். கிரிட் 0534 0706. சாவடி, ஆறு பேர், மணல்மூட்டைக்குப் பின்னாடி. நம்ம ஆள் தெற்கே 400 மீட்டர்ல. ஒரு குண்டு.”

“ஒரு குண்டு, 0534 0706. நம்ம ஆள் தெற்கே 400.”

“சரி.”

“சுட்டாச்சு. 26 நொடி.”

பிறகு விழுவதற்கு ஐந்து நொடி முன்னால் “விழப்போகுது” என்று ஒரு சொல். நேட்டோ படைகளிலும் இதே வழக்கம்தான்: சுட்டதும் ஒரு சொல், விழ ஐந்து நொடி இருக்கும்போது ஒரு சொல். ஸ்பாட்டர் அதுவரை தலையைக் குனிந்திருக்கலாம், அந்த ஒரு கணத்துக்கு மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். சொல்லாவிட்டால் 26 நொடியும் பைனாகுலரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, எதிரியின் ஸ்னைப்பருக்கு இரையாவார்.

கிரிட்டைத் திருப்பிச் சொல்வதை ஒருபோதும் விடாதீர்கள். நம் ஆள் எங்கே என்பதைச் சொல்வதையும். அமெரிக்கப் படையில் மோர்ட்டாருக்கு 600 மீட்டருக்குள் நம் ஆள் இருந்தாலே தனி எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். விளையாட்டில் அவ்வளவு வேண்டியதில்லை, ஆனால் முதல் குண்டுக்கு 200 மீட்டருக்குள் நம்மவர் யாரும் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் சண்டை சச்சரவு குறையும்.

திருத்தம் சொல்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிஜப் படையில் ஸ்பாட்டர் தான் பார்க்கும் கோட்டை வைத்து இடது, வலது, கூட்டு, குறை என்பார். மோர்ட்டார்ப் பக்கம் அதைத் தன் கோட்டுக்கு மாற்றிக்கொள்வார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு அது சரி. வார இறுதியில் கூடும் எட்டுப் பேருக்கு அது குழப்பம்தான், ஒருவரின் இடது இன்னொருவரின் வலது. “வடக்கே 100, கிழக்கே 50” என்று மேப் திசையில் சொல்லச் சொல்லுங்கள். வடக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

குண்டு 100 மீட்டர் முன்னால் விழுந்தால் சரியாக 100 கூட்டாமல் 200 கூட்டச் சொல்வது நல்ல பழக்கம். கண் மதிப்பீடு ஏமாற்றும். ஒரு குண்டு முன்னால், ஒரு குண்டு பின்னால் என்று விழுந்துவிட்டால் எதிரி நடுவில் மாட்டிக்கொண்டான் என்பது உறுதி. பிறகு பாதி, அதில் பாதி. 50 மீட்டருக்குள் வந்ததும் திருத்துவதை நிறுத்திவிட்டு நான்கைந்தைத் தொடர்ந்து விடுங்கள். நம் 1500 மீட்டர்க் கணக்கில் 100 மீட்டர் கூட்டுவதென்றால் 65.7-லிருந்து 63.4 பாகைக்கு இறக்க வேண்டும்.

ஓடுகிறவனைச் சுடாதீர்கள்

மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் லாரி 28 நொடியில் 230 மீட்டர் கடந்துவிடும். மெதுவாக ஓடும் ஆள்கூட 100 மீட்டர் போய்விடுவான். ஓடுகிற இலக்கைத் துரத்தித் துரத்திச் சுடுவது குண்டுக்குப் பிடித்த கேடு. வண்டி எங்கே நிற்கும் என்று பாருங்கள்: பாலம், சாவடி, பெட்ரோல் நிலையம், அடிபட்டுக் கிடக்கும் முன்வண்டியின் பின்புறம். மிஷன் தொடங்குமுன்பே அப்படிப்பட்ட நான்கு இடங்களுக்குக் கோணமும் திசையும் கணித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், ஸ்பாட்டர் “மூன்று” என்று சொன்னாலே போதும், குண்டு கிளம்பிவிடும். டாங்கியின்மேல் வீணாக்காதீர்கள், லாரி, ஜீப், திறந்த வெளியில் இருக்கும் காலாட்படை, கூரைமேல் நிற்கும் ஆள் ஆகியவைதான் இதன் இரை.

புகைக் குண்டை எதிரியின் மேலேயே போடுகிறவர்கள் அதிகம். காற்று எங்கிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள், புகை தானே நகர்ந்து வந்து மறைக்கும். ஒளிக்குண்டு இரவுக்கு. இருட்டில் பார்க்கும் கண்ணாடி எல்லோரிடமும் இருக்கும் மிஷனில் அதைச் சுமப்பது வீண்.

இரண்டு மோர்ட்டார் இருந்தால் ஒரு வித்தை செய்யலாம். 1500 மீட்டருக்கு ஃபாரில் 79.2 பாகை, 40 நொடி. மீடியத்தில் 65.7 பாகை, 26 நொடி. ஃபார் வைத்திருப்பவர் முதலில் சுட்டு, 14 நொடி எண்ணி, மீடியம்காரர் சுட்டால் இரண்டும் ஒன்றாக இறங்கும். முதல் குண்டு விழுந்ததும் எல்லோரும் தரையில் படுத்துவிடுவார்கள். அதற்குமுன்பே இரண்டாவதும் வந்துவிடுவதுதான் இதன் பலன். ஒரே ஒரு மோர்ட்டாரிலும் முடியும், கை வேகமாக இருந்தால். சிறிய நிலையே போதும் என்று நான் போட்ட விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

ஏஸ் மாட் போட்டால்

ஏஸ் 3 மாட் உள்ள சர்வரில் இந்த அத்தியாயத்தின் அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். அங்கே காற்றுத் தடையை இயக்கியிருக்கலாம், அப்போது அட்டவணை பொருந்தாது. கம்ப்யூட்டரையும் திசைகாட்டியையும் சர்வர் நிர்வாகி மறைத்துவிடலாம். குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டியிருக்கலாம். அதற்குத்தான் துணை ஆள். 82 மில்லிமீட்டர் ரேஞ்ச் டேபிள் என்று ஒரு பொருள் கிடைக்கும், கிளம்புமுன் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோணம் பாகையில் இல்லை, மில்லில் இருக்கும்: வட்டத்துக்கு 6400 மில். 1000 மீட்டரில் ஒரு மில் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால் திருத்தம் மனக்கணக்கிலேயே ஓடும். குண்டு 1500 மீட்டரில் 30 மீட்டர் இடப்பக்கம் விழுந்ததா, 20 மில் வலப்பக்கம் திருப்புங்கள். பாகைக்குப் பழகியவர்களுக்கும் ஒரு மாலை போதும், பிறகு பாகைக்குத் திரும்பவே தோன்றாது.

கழற்றுவது

கணினி இயக்கும் எதிரி பெரும்பாலும் உங்களைத் தேடி வரமாட்டான். மனித எதிரி வருவான். குழலின் ‘டும்’ ஓசை தொலைவில் இருப்பவருக்குத் தாமதமாகக் கேட்டாலும் திசை தெரிந்துவிடும், மேலே ஒரு ட்ரோன் இருந்தால் அவ்வளவுதான். நல்ல குழு உள்ள சர்வரில் ஒரே இடத்திலிருந்து எட்டுக் குண்டுக்கு மேல் சுடாமல் இருப்பது நல்லது. இடம் மாறுவதற்கும் ஓர் உபாயம் உண்டு: கடைசித் தொகுப்பின் முதல் குண்டு விழக் காத்திருக்காதீர்கள். குழலை விட்டுப் போன குண்டுக்குக் குழல் தேவையில்லை. கடைசிக் குண்டு கிளம்பியதுமே இறங்கி, மெனுவில் கழற்றுவதைத் தேர்ந்தால் இரண்டு பையும் தரையில் வந்துவிடும். ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு, முன்பே குறித்து வைத்த அடுத்த இடத்தின் பக்கம் நடக்கத் தொடங்குங்கள். குண்டு விழும் முன்பே அந்த இடத்தை விட்டு நகரத் தொடங்கியிருப்பீர்கள். எங்கே விழுந்தது என்பதை ஸ்பாட்டர் ரேடியோவில் சொல்லுவார்.